கொழுப்பு பேசும் மொழி

நுழையும்முன்

உடற்பருமன் இதயத்திற்கு ஊறு செய்யும் என்பதை அனைவரும் அறிவர். எவ்வாறு ஊறு செய்கிறது என்னும் வினாவிற்கு விடை அத்துணை எளிதன்று. எடை மிகுந்தால் இதயம் களைத்துப்போகும் என்ற பழைய விளக்கம் பாதி உண்மையே. மறுபாதியைச் சில எலிகளும், அரிய குறைபாட்டுடன் பிறந்த சில குழந்தைகளும், விடாமுயற்சி கொண்ட ஆய்வாளர்களும் நமக்குக் காட்டினர். அதனை விளக்குகிறது இப்பாடம்.

குதிர் என்னும் நம்பிக்கை

தமிழில் ‘கொழுப்பு’ என்னும் சொல் உடலில் உள்ள ஒரு பொருளை மட்டும் குறிப்பதில்லை. அடங்காதவனைப் பார்த்து ‘அவனுக்குக் கொழுப்பு மிகுதி’ என்பது பேச்சுவழக்கு. கைக்குழந்தை கொழுகொழுவென்று இருந்தால் வீடே மகிழ்கிறது. வளர்ந்தவரின் தொந்தியைச் செல்வச் செழிப்பின் அடையாளமாகக் கண்ட காலம் ஒன்று இருந்தது. இன்று அதுவே ஏளனத்திற்குரியதாகிவிட்டது. பழந்தமிழர் ‘நிணம்’ என்றும் இதனைச் சுட்டினர். மக்கள் வழக்கில் இத்தனை பொருள்களைச் சுமந்த கொழுப்புக்கு, மருத்துவ நூல்கள் நெடுங்காலம் ஒரே பொருளைத்தான் தந்தன. அது எரிபொருள் சேமிப்பு என்பதே அப்பொருள்.

அந்தக் கருத்துக்குக் காரணம் உண்டு. ஒரு கிராம் மாவுச்சத்தோ புரதமோ ஏறத்தாழ 4 கிலோகலோரி ஆற்றலைத் தரும். ஒரு கிராம் கொழுப்போ 9 கிலோகலோரி தரும். குறைந்த இடத்தில் மிகுந்த ஆற்றலைச் சேர்த்துவைக்க இதனினும் சிறந்த பொருள் உடலில் இல்லை. விளைச்சல் மிகுந்த நாளில் நிரம்பி, பஞ்ச நாளில் குறையும் நெற்குதிரைப் போன்றது கொழுப்புத் திசு என்று கருதப்பட்டது. குதிர் நெல்லைக் கொள்ளும், நெல்லைத் தரும், பேசாது.

பேசாத குதிரினால் இதயத்திற்கு நேரும் தீங்கை விளக்குவதும் எளிதாயிருந்தது. உடல் பெருத்தால் திசு மிகும். திசு மிகுந்தால் அதற்குச் செல்ல வேண்டிய குருதியும் மிகும். கூடுதல் குருதியை இரவும் பகலும் இறைக்கும் இதயத்தின் சுவர்கள் தடிக்கின்றன, அறைகள் விரிகின்றன. இவ்விளக்கம் பிழையன்று. ஐக்கிய அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிரேமிங்காம் என்னும் ஊரில் 1948இல் 5,209 பேருடன் ஓர் ஆய்வு தொடங்கியது. இதயநோய் பற்றி உலகம் இன்று அறிந்தவற்றுள் பெரும்பகுதிக்கு அவ்வூர் மக்களே ஆசான்கள். அவர்களின் 26 ஆண்டுக் காலத் தரவுகளை ஆராய்ந்து 1983இல் வெளியான கட்டுரை, உடற்பருமன் தனித்து நின்றே இதயநோய்க்கு வழிவகுக்கிறது என்று உரைத்தது. உடற்பருமன் உடையோர்க்கு இதயச் செயலிழப்பு நேரும் வாய்ப்பு ஏறத்தாழ இருமடங்கு என்று அதே ஊரின் தரவுகளைக் கொண்டு 2002இல் மற்றொரு கட்டுரை கணக்கிட்டது.

ஆயினும் ஒரு முடிச்சு அவிழாமல் நின்றது. பிரான்சு நாட்டின் மார்செய் நகர மருத்துவர் ழான் வாக் 1947ஆம் ஆண்டிலேயே அதனைச் சுட்டியிருந்தார். இடுப்பிலும் தொடையிலும் கொழுப்புச் சேர்ந்தோரைவிட, வயிற்றிலும் மேலுடலிலும் கொழுப்புச் சேர்ந்தோர்க்கே நீரிழிவும் தமனி நோயும் மிகுதியாக வருவதை அவர் கண்டார். சுமைதான் காரணம் என்றால், அச்சுமை உடலில் எங்கிருந்தால் என்ன? ஐம்பது கிலோ மூட்டையைத் தலையில் சுமந்தாலும் தோளில் சுமந்தாலும் எடை ஒன்றே அன்றோ? குதிர் என்னும் உவமைக்குள் இவ்வினாவிற்கு விடை இல்லை.

இணைத்துத் தைக்கப்பட்ட எலிகள்

விடைக்கான முதல் துப்பு, எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்துக் கடற்கரை ஊரான பார் ஹார்பரில் ஜாக்சன் ஆய்வகம் உள்ளது. மரபியல் ஆய்வுக்காக எலிகளை வளர்க்கும் நிறுவனம் அது. அங்கு 1949ஆம் ஆண்டில் வளர்ந்த குட்டிகளுள் சில, ஓயாது உண்டு, மற்ற எலிகளைப்போல் மூன்று மடங்கு வரை எடை கூடின. ஒரே ஒரு மரபணுவில் நேர்ந்த மாற்றமே காரணம் என்று தெரிந்தது. 1960களின் நடுவில் அதே ஆய்வகத்தில் மற்றொரு பருத்த எலிக்குலம் தோன்றியது. அதற்குக் கடும் நீரிழிவும் இருந்தது. மாறியிருந்த மரபணுவும் வேறு.

கனடாவில் பிறந்து அவ்வாய்வகத்தில் பணியாற்றிய டக்ளஸ் கோல்மன், இவ்விரு குலங்களையும் கொண்டு ஓர் ஆய்வு செய்தார். இரண்டு எலிகளின் விலாப்புறங்களை இணைத்துத் தைத்தால், சில நாள்களில் ஒன்றன் குருதி சிறிதளவு மற்றொன்றுக்குள் ஓடத் தொடங்கும். குருதியில் ஏதேனும் செய்தி கலந்திருந்தால், அது இருவருக்கும் பொதுவாகிவிடும். இன்றைய நெறிமுறைக் குழுக்கள் எளிதில் இசைவு தராத ஆய்வு இது. எனினும், இதன் விடையைப் போன்று தெளிவான விடையைத் தந்த ஆய்வுகள் உயிரியலில் மிகச் சிலவே.

நீரிழிவு கொண்ட பருத்த எலியோடு இயல்பான எலியை அவர் இணைத்தார். பருத்தது எப்போதும்போல் உண்டது. இயல்பான எலியோ, உணவு முன்னே இருந்தும் உண்ணாமல் மெலிந்து பட்டினியால் மாண்டது. அடுத்து, முதலில் தோன்றிய பருத்த குலத்து எலியை நீரிழிவு எலியோடு இணைத்தார். இப்போதும் நீரிழிவு எலி உண்டுகொண்டே இருந்தது. மற்றது உண்ணாமல் மாண்டது. மூன்றாவதாக, முதற்குலத்துப் பருத்த எலியை இயல்பான எலியோடு இணைத்தார். பருத்த எலி குறைவாக உண்டு எடை குறைந்தது. இரண்டுமே உயிர் வாழ்ந்தன.

இம்மூன்று விளைவுகளையும் சேர்த்துப் படித்தால் ஒரே முடிவுதான் கிடைக்கும். ‘போதும், உண்ணாதே’ என்று சொல்லும் ஏதோ ஒரு பொருள் குருதியில் ஓடுகிறது. முதற்குலத்துப் பருத்த எலிக்கு அதை உண்டாக்கத் தெரியவில்லை. ஆனால், பிறரிடமிருந்து வந்தால் கேட்கத் தெரியும். நீரிழிவு எலியோ அதை அளவின்றி உண்டாக்குகிறது. ஆனால், கேட்கும் செவி அதற்கு இல்லை. தன் குரல் தனக்கே கேளாமையால் அது மேன்மேலும் குரலை உயர்த்தியது. அக்குரலைக் கேட்ட பக்கத்து எலி பட்டினி கிடந்து இறந்தது.

1970களில் கோல்மன் இதை வெளியிட்டபோது பெரும் வரவேற்பு இல்லை. உடற்பருமன் மனவுறுதிக் குறைவால் வருவது, அதற்கும் வேதியியலுக்கும் என்ன தொடர்பு என்னும் எண்ணம் அன்று வலுத்திருந்தது. அந்தப் பொருள் யாது என்று கண்டறியும் கருவிகளும் அன்று இல்லை. நியூயார்க்கின் இராக்பெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃபிரீட்மன் தலைமையிலான குழு, பல ஆண்டுகள் முயன்று 1994இல் அந்த மரபணுவைக் கண்டறிந்தது. அது உருவாக்கும் புரதத்திற்கு ‘லெப்டின்’ என்று பெயரிட்டனர். ஒல்லி எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. ஆனால், பெயரைவிட வியப்பானது அது பிறக்கும் இடம். லெப்டினைச் சுரந்தது மூளையன்று, கணையமன்று, தைராய்டு சுரப்பியுமன்று. வெறும் குதிர் என்று எண்ணப்பட்ட கொழுப்புச் செல்லே அதனைச் சுரந்தது. குதிர் தன் இருப்புக் கணக்கை ஒவ்வொரு நாளும் மூளைக்கு அனுப்பிக்கொண்டிருந்தது.

> தெரிந்து தெளிவோம்
> ‘ஹார்மோன்’ என்னும் சொல்லை 1905இல் முதன்முதலாக வழங்கியவர் இங்கிலாந்து உடலியங்கியலறிஞர் எர்னஸ்ட் ஸ்டார்லிங். ‘தூண்டி இயக்குதல்’ என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லே அதன் வேர். தமிழில் ‘இயக்குநீர்’ என்று கூறும்போது அவ்வேர்ப்பொருளே மீண்டும் கிடைக்கிறது. குருதி மிகுதியாக நிரம்பினால் இதயத் தசை மிகுந்த விசையுடன் சுருங்கும் என்னும் இதய விதியிலும் இவர் பெயர் நிலைத்திருக்கிறது. இயக்குநீருக்குப் பெயர் தந்தவரும் இதயத்திற்கு விதி கண்டவரும் ஒருவரே.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 1997இல் வெளியிட்ட கட்டுரை எலியின் கதையை மனிதருக்குக் கொண்டுவந்தது. ஒரே குடும்பத்தைச் சேர்ந்த இரு குழந்தைகளுக்கு லெப்டின் மரபணு பிறவியிலேயே பழுதாகியிருந்தது. எட்டு வயதுச் சிறுமியின் எடை 86 கிலோ. இரண்டு வயதுச் சிறுவனின் எடை 29 கிலோ. தணியாத பசி அவர்களை வாட்டியது. சிறுமிக்கு நாள்தோறும் லெப்டின் ஊசி செலுத்தப்பட்டது. ஓராண்டில் அவள் எடை 16 கிலோவுக்கு மேல் குறைந்தது. அந்தக் குழந்தையின் பசி ஒழுக்கக்கேடன்று. ஒரு புரதத்தின் இன்மை. பருத்த பிள்ளைகளுக்கு வகுப்பறையில் பட்டப்பெயர் சூட்டுவோர் இந்தச் சிறுமியை ஒரு கணம் நினைத்துப் பார்க்கலாம்.

செவிடாகும் மூளை, செவிடாகாத நரம்பு

லெப்டின் கண்டறியப்பட்டபோது, உடற்பருமனுக்கு மருந்து கிடைத்துவிட்டது என்று உலகம் ஆரவாரித்தது. காப்புரிமைக்காக ஒரு மருந்து நிறுவனம் இரண்டு கோடி டாலர் கொடுத்தது. ஆனால், பருத்த மனிதர் பெரும்பாலோரின் குருதியைச் சோதித்தபோது லெப்டின் குறைந்திருக்கவில்லை. இயல்பானவர்களைவிடப் பன்மடங்கு மிகுந்திருந்தது! அவர்கள் முதற்குலத்து எலியைப் போன்றவர்கள் அல்லர். செவியற்ற இரண்டாம் குலத்து எலியை ஓரளவு ஒத்தவர்கள். தறிச்சத்தத்தின் நடுவே நாளெல்லாம் இருப்பவர் காதில் அச்சத்தம் விழுவதில்லை. அதுபோல, ஓயாது வந்துகொண்டிருக்கும் லெப்டினின் செய்தியை மூளை பொருட்படுத்தாமல் விடுகிறது. இதனை ‘லெப்டின் எதிர்ப்புநிலை’ என்பர். இந்நிலையில் கூடுதல் லெப்டினை ஊசியில் ஏற்றுவதால் பெரும்பயன் விளையவில்லை.

இதயத்தின் கதை தொடங்குவது இங்கேதான். மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியில் லெப்டினைக் கேட்கும் இடங்கள் பல உள்ளன. பசியை அடக்கும் பணியோடு, பரிவு நரம்பு மண்டலத்தை முடுக்கிவிடும் பணியையும் லெப்டின் செய்கிறது. அச்சமும் பரபரப்பும் ஏற்படும்போது நெஞ்சு படபடக்கச் செய்யும் நரம்பு மண்டலம் அதுவே. அது முடுக்கம் பெற்றால் இதயத்துடிப்பு விரையும். இரத்தக் குழாய்கள் இறுகும். சிறுநீரகம் உப்பைத் தேக்கும். இரத்த அழுத்தம் உயரும். உடல் பருக்கும்போது லெப்டினின் எல்லாச் செய்திகளும் ஒருங்கே மறுக்கப்படுவதில்லை. ‘உண்ணாதே’ என்னும் செய்தி மங்குகிறது. ‘நரம்பை முடுக்கு’ என்னும் செய்தியோ தங்குதடையின்றிக் கேட்கிறது. நன்மை செய்யும் காது அடைபட, தீமை செய்யும் காது திறந்தே இருக்கிறது.

இதற்குச் சான்று உண்டா? ஆசுத்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் கௌலியின் குழு 2014இல் வெளியிட்ட ஆய்வில் எலிகளும் மனிதரும் சான்றாயினர். லெப்டினோ அதைக் கேட்கும் ஏற்பியோ பிறவியிலேயே இல்லாத மனிதர் மிகக் கடுமையான உடற்பருமன் உடையவர்கள். சுமைதான் காரணம் என்றால் அவர்களின் இரத்த அழுத்தம் வானளாவ வேண்டும். அவ்வாறு உயரவில்லை. சுமை முழுதும் இருந்தும் செய்தி இல்லாதபோது அழுத்தமும் ஏறவில்லை. பழைய விளக்கம் பாதி உண்மை என்று தொடக்கத்தில் கூறியது இதனால்தான்.

லெப்டின் மற்றொரு வழியிலும் இதயத்தை எட்டுகிறது. சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியைத் தூண்டி, ஆல்டோஸ்டீரோன் என்னும் இயக்குநீரை அது சுரக்கச் செய்கிறது. ஆல்டோஸ்டீரோனின் அன்றாடப் பணி, சிறுநீரில் உப்பு வீணாகாமல் காப்பது. உப்பு அரிதாயிருந்த காலத்தில் அது உயிர்காத்த பணி. அளவு மிகுந்தால் அதுவே உப்பையும் நீரையும் தேக்கி, குருதியின் கன அளவைப் பெருக்குகிறது. அதனோடு நில்லாமல், இதயத் தசையிடையே நார்த்திசுவை வளர்த்து அதனை விறைக்கவும் செய்கிறது.

இதயமும் பேசும்

கொழுப்பு பேசுகிறது, இதயம் வாய்மூடிக் கேட்டுக்கொண்டிருக்கிறதா? இல்லை. கனடாவின் கிங்ஸ்டன் நகரில் அடோல்ஃபோ டி போல்ட் என்னும் ஆய்வாளர் 1981இல், எலி இதயத்தின் மேலறைத் தசையைச் சாறாக்கி மற்ற எலிகளின் குருதியில் செலுத்தினார். சில நிமிடங்களில் அவ்வெலிகள் உப்பும் நீருமாகச் சிறுநீரைப் பெருமளவில் வெளியேற்றின. இதயம் வெறும் இறைப்பொறியன்று, அதுவும் ஒரு சுரப்பி என்பது அன்று மெய்ப்பிக்கப்பட்டது. குருதி மிகுந்து தன் அறைகள் இழுபடும்போது, ‘உப்பை வெளியேற்று, சுமையைக் குறை’ என்று சிறுநீரகத்திற்கு இதயம் இயக்குநீர் வழியே முறையிடுகிறது. உப்புநீக்கி இயக்குநீர்கள் என்று இவற்றைக் கூறலாம்.

சுமை மிகுந்த இதயம் மிகுதியாக முறையிட வேண்டும் என்பதே இயல்பான எதிர்பார்ப்பு. பிரேமிங்காம் மக்களின் குருதியை ஆராய்ந்து 2004இல் வெளியான கட்டுரையோ நேர்மாறாகக் கூறியது. உடற்பருமன் உடையோர் குருதியில் இந்த இயக்குநீர்களின் அளவு குறைந்திருந்தது. கொழுப்புச் செல்களின் மேற்பரப்பில், இவ்வியக்குநீர்களைப் பற்றி இழுத்து அழிக்கும் ஏற்பிகள் நிறைந்துள்ளன என்பது அதற்குக் கூறப்படும் காரணங்களுள் ஒன்று. ஒருபுறம் உப்பைத் தேக்கச் சொல்லும் குரல் ஓங்குகிறது. மறுபுறம் உப்பை நீக்கச் சொல்லும் குரல் வழியிலேயே விழுங்கப்படுகிறது. இரண்டுக்கும் இடையில் அகப்பட்ட இதயம் மெல்ல மெல்ல விறைக்கிறது.

இவ்வாறு விறைத்த இதயம் சுருங்குவதில் குறை வைக்காது. விரிந்து குருதியை வாங்கிக்கொள்வதில்தான் அது இடர்ப்படும். எனவே, இறைக்கும் திறனை மட்டும் அளக்கும் சோதனையில் எல்லாம் சரியாக இருப்பதுபோல் தோன்றும். நோயாளியோ மாடிப்படி ஏறினால் மூச்சிரைத்து நிற்பார். ‘வயதாகிவிட்டது, எடை கூடிவிட்டது’ என்று தம்மைத் தாமே தேற்றிக்கொண்டு, மருத்துவரை நாடாமல் காலம் கடத்துவோர் பலர். இதயச் செயலிழப்பின் இந்த வகை உடற்பருமனோடு நெருங்கிய உறவுடையது.

காவலன் குறையும் கோட்டை

கொழுப்புத் திசு சுரப்பவை எல்லாம் தீங்கு செய்வன அல்ல. சப்பான் நாட்டின் ஒசாகா பல்கலைக்கழகத்தில் யூஜி மட்சுசாவாவின் குழு உள்ளிட்ட நான்கு குழுக்கள் 1990களின் நடுவில், ஒன்றையொன்று அறியாமல், ஒரே புரதத்தைக் கண்டறிந்தன. பின்னர் அது ‘அடிப்போநெக்டின்’ எனப் பெயர்பெற்றது. குருதியில் லெப்டினைவிட ஆயிரம் மடங்கு அளவில் இருப்பது இது. இன்சுலினின் பணியை இது எளிதாக்குகிறது. தமனிகளின் உட்சுவரில் அழற்சியைத் தணிக்கிறது. கொழுப்புச் செல்லே இதனைச் சுரப்பதால், கொழுப்பு மிகுந்தால் இதுவும் மிகும் என்று எதிர்பார்க்கலாம். உண்மையில், வயிற்றுக் கொழுப்பு பெருகப் பெருக இது குறைகிறது. இதயநோய் இல்லாத 18,225 ஆண்களை ஆறு ஆண்டுகள் கண்காணித்து 2004இல் வெளியான அமெரிக்க ஆய்வில், அடிப்போநெக்டின் மிகுந்திருந்தவர்களுக்கு மாரடைப்பு வாய்ப்பு குறைந்தே காணப்பட்டது.

ஆயினும் இதனை இதயத்தின் காவலன் என்று முடிசூட்டுவதில் விரைவு கூடாது. ஏற்கெனவே இதயச் செயலிழப்புக்கு ஆளானவர்களிடம் கணக்கு தலைகீழாகிறது. அவர்களுள் அடிப்போநெக்டின் மிகுந்தோர்க்கே இறப்பு வாய்ப்பு கூடுதல். காவலன் கூடுதலாக நிற்பதால் கோட்டை வீழ்கிறதா, கோட்டை வீழப்போவதால் காவலன் கூடுதலாக வருகிறானா? இரண்டு செய்திகள் ஒன்றாகத் தோன்றுவதாலேயே ஒன்று மற்றொன்றிற்குக் காரணம் ஆகிவிடாது. அறிவியல் கற்போர் இங்கு நின்று சிந்திப்பது நல்லது.

அழற்சியைப் பற்றி ஐயத்திற்கு அவ்வளவு இடமில்லை. அமெரிக்காவின் ஹார்வர்டு ஆய்வாளர்கள், அழற்சியைத் தூண்டும் புரதமொன்றைப் பருத்த எலிகளின் கொழுப்புத் திசுவே உண்டாக்குவதை 1993இல் காட்டினர். நிரம்பி வழியும் கொழுப்புச் செல்கள் மடியத் தொடங்க, அவற்றைத் துப்புரவு செய்யப் பெருவிழுங்கிச் செல்கள் அங்கே திரள்கின்றன. திரண்டவை அழற்சிப் பொருள்களைச் சுரக்க, அவை குருதியில் கலந்து கல்லீரலையும் தமனிகளையும் அடைகின்றன. குருதிக்கட்டி கரைவதைத் தடுக்கும் புரதமும் உடன் பெருகுகிறது. தமனிச் சுவரில் படிந்த கொழுப்புப் படிவு அழற்சியால் நலிந்து வெடிக்கும்போது, அவ்விடத்தில் குருதி உறைந்து வழியடைக்கும். அதுவே மாரடைப்பு.

எடைக்கருவி காட்டாதது

ழான் வாக் எழுப்பிய வினாவிற்கு இப்போது திரும்பலாம். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் உடற்பருமன் கொண்ட 15 பெண்களுக்கு, தோலுக்கடியில் இருந்த கொழுப்பு ஏறத்தாழ 10 கிலோ அளவுக்கு அறுவை முறையில் உறிஞ்சி எடுக்கப்பட்டது. சில வாரங்கள் கழித்துச் சோதித்தபோது இரத்த அழுத்தத்திலோ, இன்சுலினின் செயலிலோ, அழற்சியின் அளவிலோ முன்னேற்றம் எதுவும் இல்லை. 2004இல் வெளிவந்த இம்முடிவு பலரை வியப்பில் ஆழ்த்தியது. உணவைக் குறைத்தும் உடலை உழைக்கவைத்தும் அதே எடையைக் குறைத்திருந்தால் பயன் விளைந்திருக்கும். ஏனெனில், அப்போது குடலையும் கல்லீரலையும் சூழ்ந்த உட்கொழுப்பும், செல் ஒவ்வொன்றின் பருமனும் குறைந்திருக்கும். உட்கொழுப்பிலிருந்து வடியும் குருதி நேரே கல்லீரலுக்குச் செல்கிறது. இதயத்தைப் போர்த்தியுள்ள கொழுப்புக்கும் இதயத் தசைக்கும் இடையில் தடுப்புச் சவ்வே இல்லை. தொடைக் கொழுப்பு தொலைவிலிருந்து பேசுகிறது; வயிற்றுக் கொழுப்பு காதருகே பேசுகிறது.

கொழுப்பு அறவே இல்லாதிருப்பதும் நலமன்று. கொழுப்புத் திசுவே உருவாகாத அரிய நோய் ஒன்று உண்டு. அந்நோயாளிகள் எலும்பும் தசையுமாகத் தோன்றுவர். சேமிக்கக் குதிர் இல்லாமையால் கொழுப்பு கல்லீரலில் படிந்து, கடும் நீரிழிவு வருகிறது. அவர்களிடம் லெப்டின் மிகக் குறைவு. அவர்களுள் ஒரு பிரிவினர்க்கு லெப்டினையே மருந்தாகத் தர அமெரிக்கா 2014இல் இசைவளித்தது. பருத்தோர்க்குப் பயன்படாத மருந்து, கொழுப்பற்றோர்க்குப் பயன்பட்டது.

இந்திய மாணவர்கள் கருத்தில் கொள்ளவேண்டிய செய்தி ஒன்று இங்கு உள்ளது. புனே நகரின் கே.இ.எம். மருத்துவமனையைச் சேர்ந்த மருத்துவர் சி.எஸ். யாஜ்னிக்கும் இலண்டனைச் சேர்ந்த ஜான் யூட்கினும் 2004இல் ஒரு மருத்துவ இதழில் தங்கள் ஒளிப்படத்தை வெளியிட்டனர். உயரத்தையும் எடையையும் கொண்டு கணக்கிடும் உடல்நிறைக் குறியெண் இருவருக்கும் 22.3தான். உடலில் உள்ள கொழுப்போ யூட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2 விழுக்காடு. கை கால்கள் மெலிந்தும் வயிற்றினுள் கொழுப்பு மறைந்தும் இருக்கும் இவ்வமைப்பு தெற்காசிய மக்களிடம் பரவலாகக் காணப்படுகிறது. ஒல்லியாக இருப்பவர் தமக்கு இடரில்லை என்று இறுமாந்திருக்க இயலாது. இதனால்தான் இந்தியர்க்கு வரம்புகள் தாழ்த்தி வகுக்கப்பட்டுள்ளன. குறியெண் 25ஐ எட்டினாலே உடற்பருமன் எனக் கொள்ளப்படுகிறது. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்பது எல்லை. சென்னை நீரிழிவு ஆய்வு நிறுவனம் முன்னின்று நடத்தி 2023இல் வெளியிட்ட நாடு தழுவிய ஆய்வில், பெரியவர்களுள் 39.5 விழுக்காட்டினர்க்கு வயிற்றுப் பருமன் இருப்பது தெரியவந்தது. எடைக்கருவியைவிடத் தையற்காரரின் அளவுநாடா இங்கு நம்பகமான கருவி.

செய்தியை மாற்றுதல்

நோய்க்குக் காரணம் இயக்குநீர்களின் குழப்பம் என்றால், அவற்றையே மருந்தாக்க முடியாதா? உணவு உண்டபின் சிறுகுடல் சுரக்கும் இயக்குநீர் ஒன்றைப்போல் செயல்படும் ‘செமாகுளுடைட்’ என்னும் மருந்து, வாரம் ஒருமுறை ஊசியாகச் செலுத்தப்படுகிறது. ஏற்கெனவே இதயநோயும் மிகை எடையும் உடைய, ஆனால் நீரிழிவு இல்லாத 17,604 பேரிடம் 41 நாடுகளில் இது சோதிக்கப்பட்டது. 2023இல் வெளியான முடிவின்படி, மாரடைப்பு, பக்கவாதம், இதயநோயால் இறப்பு ஆகியவை சேர்ந்து 20 விழுக்காடு குறைந்தன. எடை முழுதும் குறைவதற்கு முன்பே இந்நன்மை தோன்றத் தொடங்கியது என்பதுதான் இம்மருந்தில் ஆய்வாளர்களை மிகவும் ஈர்த்த செய்தி. ஆனால், குமட்டல் முதலிய தொல்லைகள் இதற்கு உண்டு. ஊசியை நிறுத்தினால் இழந்த எடையின் பெரும்பகுதி திரும்பிவிடுகிறது. விலையும் எளியோர் கைக்கு எட்டுவதன்று. மருத்துவர் கண்காணிப்பின்றித் தோற்றப் பொலிவுக்காக இதனை நாடுவது பேதைமை.

ஊசியின்றியும் செய்தி மாறும். விரைந்து நடப்பவர், மிதிவண்டி மிதிப்பவர், விளையாடுபவர் ஆகியோரிடம் எடைக்கருவியின் முள் அசையாதபோதும் உட்கொழுப்பு கரைவது அளவிட்டு அறியப்பட்டுள்ளது. தூக்கத்திற்கும் இதில் பங்கு உண்டு. தேர்வுக்காக இரவெல்லாம் விழித்திருக்கும் வயதினர்க்கு இது நேரடியாகப் பொருந்தும். சிகாகோ பல்கலைக்கழகத்தில் நல்ல உடல்நலம் வாய்ந்த 12 இளைஞர்களை இரண்டு இரவுகள் பத்து மணி நேரமும், வேறு இரண்டு இரவுகள் நான்கு மணி நேரமும் மட்டுமே படுக்கையில் இருக்கச் செய்தனர். உணவு இருமுறையும் ஒரே அளவு. நான்கு மணி நேர இரவுகளுக்குப் பின் அவர்களின் குருதியில் ‘போதும்’ என்று சொல்லும் லெப்டின் 18 விழுக்காடு குறைந்திருந்தது. பசியைத் தூண்டும் கிரெலின் என்னும் இயக்குநீர் 28 விழுக்காடு உயர்ந்திருந்தது. அன்று அவர்கள் மிகுதியாக விரும்பியவை இனிப்புகளும், உப்பிட்ட நொறுக்குத் தீனிகளும், மாவுப் பண்டங்களுமே.